பிள்ளையைச் சுற்றியிருக்கும் பெரியவர்களிடம் எதைக் கவனிக்க வேண்டும்? பெற்றோருக்கு ஒரு முழு வழிகாட்டி

ஒரு காதுகுத்து விழா. பந்தி முடிந்து, மண்டபத்தின் ஓரத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். உறவினர் ஒருவர் ஐந்து வயதுப் பிள்ளையை மடியில் இழுத்து வைத்துக் கிச்சுகிச்சு மூட்டினார். முதலில் கலகலவென்று சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் "போதும் மாமா" என்றாள். அவர் நிறுத்தவில்லை. காலை உதைத்து நெளிந்தாள். "விடுங்க" என்றபோது குரல் மாறியிருந்தது. சுற்றியிருந்த எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தோம். நானும்தான்.

அந்த மனிதர் மேல் எனக்கு இன்றுவரை எந்தச் சந்தேகமும் இல்லை. ஏன் இல்லை என்பதைக் கீழே சொல்கிறேன். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. "வேண்டாம் என்றால் வேண்டாம்" என்று பிள்ளைக்கு வீட்டில் சொல்லிக் கொடுக்கிறோம். அவள் அதைச் சொன்னபோது அங்கிருந்த ஒரு பெரியவர்கூட அதை மதிக்கவில்லை.

குட் டச், பேட் டச் சொல்லிக் கொடுத்துவிட்டால் நம் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆறு வயதுப் பிள்ளை, அறுபது கிலோ எடையுள்ள, எல்லாரும் மதிக்கும் ஒரு பெரியவரைத் தானே தடுத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பாலியல் சீண்டலிலிருந்து பிள்ளையைக் காக்கக் கவனிக்க வேண்டியது நாம்தான். எதை, எப்படிக் கவனிப்பது என்று படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: மனதில் இருக்கும் 'அந்நியன்' படத்தைக் கழற்றி வையுங்கள்

சாக்லேட் காட்டிக் கூப்பிடும் முகம் தெரியாத ஆளைத்தான் நம்மில் பலர் இன்னும் பயந்துகொண்டிருக்கிறோம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கைப் பார்த்தால், போக்சோ (பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் இந்தியச் சட்டம்) வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளைக்குத் தெரிந்தவர்தான். உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், குடும்ப நண்பர், ஆசிரியர். 2018-இல் சென்னை அயனாவரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு சிறுமிக்கு நடந்த பாலியல் கொடுமையில் கைதானவர்களில் லிப்ட் இயக்குபவர், காவலாளி, பிளம்பர் என்று அந்தப் பிள்ளை தினமும் பார்த்துப் பழகியவர்களே இருந்தார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். பெண் பிள்ளைக்கு மட்டும்தான் ஆபத்து என்ற நினைப்பு. மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் எடுத்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னவர்களில் பாதிக்கும் மேல் ஆண் பிள்ளைகள். அதேபோல் தவறு செய்பவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும், வயதானவராகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை.

இரண்டாம் படி: ஒரு நாளை எழுதிப் பாருங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொண்டு, உங்கள் பிள்ளை காலையில் கண் விழித்ததிலிருந்து இரவு தூங்கும் வரை எந்தெந்தப் பெரியவரோடு இருக்கிறாள் என்று எழுதுங்கள். ஸ்கூல் வேன் அண்ணன், வேனில் வரும் ஆயாம்மா, டியூஷன் சார், கராத்தே மாஸ்டர், பாட்டு மிஸ், மாடி வீட்டு அங்கிள், வாட்ச்மேன் தாத்தா, லீவுக்கு வந்து தங்கும் பெரிய வகுப்பு அண்ணன். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மூன்று கேள்விகள். இவரோடு பிள்ளை தனியாக இருக்கும் நேரம் உண்டா? அந்த இடம் மற்றவர் கண்ணில் படுமா? இவர் பிள்ளையோடு போனில் தனியாகப் பேசுகிறாரா?

எழுதிப் பார்த்தால்தான் சில விஷயம் உறைக்கும். வேனில் கடைசியாக இறங்குவது நம் பிள்ளைதான், அந்த கடைசிப் பத்து நிமிடம் அவள் தனியாக வருகிறாள் என்பது எழுதும்போதுதான் பல வீடுகளில் தெரியவரும். இந்தத் தாளில் இருக்கும் யாரும் குற்றவாளி இல்லை. எங்கே நம் கண் போகவில்லை என்று காட்டும் தாள், அவ்வளவுதான்.

மூன்றாம் படி: அறிகுறிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். நான் சொல்லப்போகும் எந்த ஒன்றும் தனியாக நின்றால் பெரிதாக எதையும் காட்டாது. இரண்டு மூன்று சேர்ந்து, ஒரே ஆளிடம், ஒரே பிள்ளையைச் சுற்றித் திரும்பத் திரும்ப வரும்போதுதான் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

முதலில் வருவது எல்லையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் பார்ப்பது. தலையைக் கோதுவார், தோளில் கை போடுவார், பெரிய பிள்ளையானாலும் மடியில் உட்காரச் சொல்வார். உடை மாற்றும்போது, குளிக்கும்போது "சின்னப் பிள்ளைதானே" என்று உள்ளே வருவார். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. இதையெல்லாம் அவர் பெரும்பாலும் நம் கண் முன்னாலேயே செய்வார். நாம் என்ன சொல்கிறோம் என்று பார்க்கத்தான். நாம் பேசாமல் இருந்தால் அவருக்குத் துணிச்சல் வருகிறது. பிள்ளைக்கோ, 'அம்மா பார்த்துக்கொண்டுதானே இருந்தாள், ஒன்றும் சொல்லவில்லையே, அப்படியானால் இது சரிதான்' என்று தோன்றிவிடுகிறது. பிற்பாடு அவள் வாய் திறக்காமல் போவதற்கு அங்கேயே விதை விழுந்துவிடும்.

அடுத்தது தனிமையைத் தேடுவது. "நீங்க எதுக்கு அலையறீங்க, நான் கொண்டுபோய் விட்டுடறேன்" என்று எப்போதும் முந்திக்கொள்வார். வகுப்பு முடிந்த பிறகு ஒரு பிள்ளை மட்டும் 'ஸ்பெஷல் கோச்சிங்' என்று நிற்கும். கதவைச் சாத்துவதற்கு ஏசி, கொசு என்று ஏதாவது காரணம் இருக்கும். வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது இரண்டு பெரியவர் கூடப் போக வேண்டும் என்று விதி இருந்தால், ஏதாவது சொல்லி அதைத் தட்டிக்கழிப்பார்.

பிறகு ரகசியம். எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான். பெரிய ரகசியத்தில் ஆரம்பிப்பதே இல்லை. சளி பிடித்திருக்கும் பிள்ளைக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து "அம்மாகிட்ட சொல்லிடாதே, திட்டுவாங்க" என்பதில் ஆரம்பிக்கும். அடுத்து பத்து நிமிடம் அவர் போனில் கேம். அதையும் சொல்லாதே. இப்படி நாலைந்து சின்ன ரகசியம் சேர்ந்த பிறகு பிள்ளை தானும் அந்தத் தப்பில் பங்காளி என்று நம்ப ஆரம்பித்துவிடும். அதன்பின் வேறு ஏதாவது நடந்தால், அதைச் சொல்லப்போய் ஐஸ்கிரீமும் வெளியே வந்துவிடுமே என்று பயப்படும். தாத்தா பாட்டியே பாசத்தில் "அப்பாகிட்ட சொல்லாதே" என்று முறுக்கு கொடுப்பார்கள். கெட்ட எண்ணம் துளியும் இருக்காது. ஆனாலும் நம் வீட்டில் அந்தப் பழக்கம் வேண்டாம் என்று அவர்களிடமே எடுத்துச் சொல்லலாம்.

பரிசும் சலுகையும் இன்னொரு வழி. எல்லாப் பிள்ளைக்கும் பேனா, இவளுக்கு மட்டும் வாட்ச். அதுவும் நம் கண்ணில் படாமல். இதன் பெரிய வடிவம் குடும்பத்துக்கே உதவுவது. அப்பா வெளிநாட்டில் இருக்கும் வீடு, அம்மா மட்டும் தனியாகச் சமாளிக்கும் வீடு, கடனில் தவிக்கும் வீடு என்று பார்த்து வருவார்கள். பீஸ் கட்டுவார், ஆஸ்பத்திரிக்கு வண்டி கொண்டுவருவார், "அவர் இல்லேன்னா நாங்க என்ன ஆகியிருப்போமோ" என்று அம்மா பத்துப் பேரிடம் சொல்லும் நிலை வந்துவிடும். அதன்பின் அவரைப் பற்றி ஒரு சந்தேகம் வந்தால்கூட நன்றி மறந்ததுபோல் நம்மை நாமே அடக்கிக்கொள்வோம். உதவி செய்பவர்கள் எல்லாரும் கணக்குப் போட்டுச் செய்பவர்கள் இல்லை. ஆனால் உதவிக்கு ஈடாகப் பிள்ளையோடு தனி நேரம் கேட்கப்படுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பேச்சைக் கவனியுங்கள். வளரும் பிள்ளையின் உடம்பைப் பற்றிய பேச்சு, "உனக்கு லவ்வர் இருக்கா" என்ற கேலி, பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் தன் கல்யாண வாழ்க்கையின் துக்கத்தைக் கொட்டுவது, "உன்னை விட்டா எனக்கு யாரும் இல்லை" என்பது, "உங்க அம்மாவுக்கு உன்னைப் புரியலை, எனக்குத்தான் புரியும்" என்பது. இந்தக் கடைசி வாக்கியம் பிள்ளையை நம்மிடமிருந்து பிரித்தெடுக்கும் வேலையைச் செய்கிறது.

போன் வந்த பிறகு இது எல்லாமே நான்கு சுவருக்குள் உட்கார்ந்தபடியே நடக்கிறது. ஆன்லைன் கேமில் அறிமுகமாகி வேறு ஆப்புக்குக் கூப்பிடுவது, இரவு பத்து மணிக்கு மேல் "தூங்கிட்டியா?" என்று கேட்பது, போட்டோ கேட்பது, "படிச்சதும் அழிச்சிடு" என்று சொல்வது. ஒரு பிள்ளையைப் பாலியல் நோக்கத்தோடு நேரிலோ போன் வழியாகவோ திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும் தொடர்புகொள்வதும் போக்சோ சட்டத்தின் 11-ஆவது பிரிவில் குற்றம். 2021 மே மாதத்தில் சென்னையில் ஒரு தனியார் பள்ளி ஆசிரியரைப் பற்றி முன்னாள் மாணவிகள் சமூக வலைதளத்தில் எழுத ஆரம்பித்தபோது, ஆன்லைன் வகுப்பில் நடந்ததும் இரவு நேர மெசேஜுமே முதலில் வெளியே வந்தன. அப்புறம் பல ஆண்டுக் கதைகள் தொடர்ந்து வந்தன.

இவ்வளவையும் படித்துவிட்டு, பாசமாக இருக்கும் எல்லாரையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டாம். தாத்தா மடியும் மாமா தோளும் பிள்ளைக்கு வேண்டும். நல்ல பாசத்துக்குக் கதவு திறந்திருப்பது ஒரு தொந்தரவே இல்லை. அதை யாரிடமும் மறைக்கத் தேவையில்லை. மடியிலிருந்து இறங்க நினைத்தால் பிள்ளை இறங்கிவிடலாம்.

நான்காம் படி: 'வேண்டாம்' சொல்லிவிட்டு என்ன நடக்கிறது என்று பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். ஒருவர் மனதில் என்ன இருக்கிறது என்று நம்மால் பார்க்க முடியாது. ஒரு எல்லையைச் சொன்னால் அவர் என்ன செய்கிறார் என்று பார்க்க முடியும்.

காதுகுத்துக்குப் பிறகு வந்த அடுத்த விசேஷத்தில் அதே உறவினர், அதே பிள்ளை. அவள் "போதும்" என்றதும் நான் எழுந்து போய்க் கையை நீட்டினேன். "அண்ணா, பாப்பா போதும்னு சொல்றா பாருங்க." அவ்வளவுதான் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. அவர் டக்கென்று கையை எடுத்தார். "அட, கவனிக்கலைம்மா" என்றார். பிள்ளையைப் பார்த்து "சாரிடா கண்ணு" என்றார். அதன்பிறகு எந்த வீட்டில் பார்த்தாலும் "தூக்கவா?" என்று கேட்டுவிட்டுத்தான் தூக்குகிறார். அவள் சில நாள் தலையை ஆட்டி வேண்டாம் என்பாள், அவரும் சரி என்று போய்விடுவார். அவர்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை என்று சொன்னதற்குக் காரணம் இதுதான்.

நான் பயப்படுவது வேறு வகையான பதிலுக்கு. "என்னையே சந்தேகப்படுறியா?" என்று கோபப்பட்டுப் பேச்சைத் திருப்புவது. "உங்க அம்மா ரொம்ப ஸ்ட்ரிக்ட், பாவம் நீ" என்று பிள்ளையிடம் நம்மைக் குறை சொல்வது. நம் முன்னால் சரி என்று சொல்லிவிட்டு நாம் சமையலறைக்குப் போனதும் அதையே மறுபடி செய்வது. இதில் கடைசியாகச் சொன்னது ஒரு தடவை நடந்தாலே, அவரோடு பிள்ளை தனியாக இருக்கும் நேரத்தை அன்றே நிறுத்திவிடுங்கள். நிறுத்துவதற்கு ஆதாரம் தேவையில்லை. உங்கள் பிள்ளை, உங்கள் முடிவு.

சொல்ல வாய் வராது என்பது எனக்குத் தெரியும். அவர் நம்மைவிட வயதில் பெரியவராக இருப்பார், மாமியார் வீட்டு ஆளாக இருப்பார். விதியை வீட்டின்மேல் போட்டுச் சொன்னால் சுலபமாக வரும். "சித்தப்பா, எங்க வீட்டுல யாரா இருந்தாலும் கதவைத் திறந்துதான் வைப்போம்." "சார், டியூஷனை ஹால்லயே வெச்சுக்கலாம், நான் உள்ள என் வேலையைப் பார்த்துக்கறேன்." "அண்ணே, பாப்பாவுக்கு மெசேஜ் அனுப்பணும்னா என் நம்பருக்கு அனுப்புங்க." கணவன் மனைவி இருவரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். ஒருவர் சொல்லி, மற்றவர் "விடு, அவர் நம்ம ஆளுதான்" என்றால் எல்லாம் வீண்.

ஐந்தாம் படி: எழுதி வையுங்கள்

தேதி, இடம், நடந்தது, சொன்ன வார்த்தை. "அவர் பார்வையே சரியில்லை" என்று எழுதினால் பிறகு நமக்கே பயன்படாது. "செவ்வாய்க்கிழமை, வகுப்பு முடிந்து 20 நிமிடம் கழித்து அனுப்பினார், கதவு சாத்தியிருந்தது, கேட்டதற்கு டெஸ்ட் என்றார், டெஸ்ட் பேப்பர் இல்லை" என்று எழுதுங்கள். மூன்று வாரம் கழித்துப் படித்தால் அது தற்செயலா, வழக்கமா என்று தெரிந்துவிடும். மெசேஜ் ஏதாவது இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அழிக்க வேண்டாம்.

ஆறாம் படி: பிள்ளையிடம் கேட்கும் விதம்

"அவர் உன்னை ஏதாவது பண்ணாரா?" என்று நேராகக் கேட்டால் பிள்ளை பயந்து இல்லை என்றுவிடும். அல்லது நாம் எதிர்பார்ப்பதைச் சொல்லும். தலை பின்னிக்கொண்டே, தோசை ஊற்றிக்கொண்டே கேட்கலாம். "டியூஷன்ல இன்னைக்கு என்னல்லாம் பண்ணீங்க? அங்க உனக்குப் பிடிச்சது என்ன? பிடிக்காதது என்ன?" ஒரு வகுப்புக்குப் போக மாட்டேன் என்று திடீரென்று அடம் பிடித்தாலோ, எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத பொருள் பையில் இருந்தாலோ, விட்டுப்போன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்பி வந்தாலோ, திட்டாமல் பக்கத்தில் உட்காருங்கள். இவற்றுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம், ஆனால் கேட்காமல் விடக்கூடாது.

பிள்ளை ஏதாவது சொல்லிவிட்டால், முகத்தை மாற்றாமல் கேட்பதுதான் மிகக் கடினம். "நீ சொன்னது நல்லது. உன்மேல தப்பு இல்லை. நான் பார்த்துக்கறேன்." இது போதும். "முன்னாடியே ஏன் சொல்லலை?" என்ற கேள்வி வாயில் வந்தாலும் விழுங்கிவிடுங்கள். ஒவ்வொரு உறவினர் முன்னாலும் நிறுத்தி மறுபடி மறுபடி சொல்ல வைக்காதீர்கள். ஆத்திரத்தில் அந்த ஆளைத் தேடிப்போய்ச் சண்டை போடவும் வேண்டாம். அவர் மெசேஜை அழிப்பார், கதையைத் தயார் செய்வார், பிள்ளையை மிரட்டுவார். சம்பவம் நடந்த அன்று பிள்ளை போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்து வையுங்கள்.

ஏழாம் படி: யாரிடம் சொல்வது

குழந்தைகளுக்கான உதவி எண் 1098. கட்டணம் இல்லை, எந்நேரமும் அழைக்கலாம். உடனடி ஆபத்து என்றால் 112. பள்ளி சம்பந்தப்பட்டது என்றால் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணும் உண்டு. இணையம் வழியாக நடந்தது என்றால் 1930. இலங்கையில் இருப்பவர்கள் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929-ஐ அழைக்கலாம்.

2012-இல் வந்த போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளையும் காக்கிறது. அதன் 19-ஆவது பிரிவின்படி, குற்றம் நடந்தது என்று தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் சொல்ல வேண்டும் என்பதையும் அந்தப் பிரிவே சொல்கிறது. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மேல் வழக்குப் போட முடியாது. தெரிந்தும் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. பள்ளி, விடுதி போன்ற நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. ஆகவே "பள்ளி பேர் கெட்டுடும், உள்ளயே பேசித் தீர்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால், அப்படித் தீர்க்கும் அதிகாரம் அவருக்கு இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். "துணிக்கு மேலதானே தொட்டார்" என்பதும் இனி செல்லாது. தோலோடு தோல் படத் தேவையில்லை, பாலியல் நோக்கம்தான் முக்கியம் என்று 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஸ்டேஷனுக்குப் பிள்ளையை எப்படிக் கூட்டிப்போவது என்ற பயத்திலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். கூட்டிப்போக வேண்டியதில்லை. வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ வந்துதான் வாங்க வேண்டும். கூடுமானவரை சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத பெண் அதிகாரி வர வேண்டும், சீருடையில் வரக்கூடாது. பிள்ளையை இரவில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. பெண் பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும், பெற்றோரோ பிள்ளை நம்பும் ஒருவரோ கூட இருக்கலாம். எப்.ஐ.ஆர் இருந்தால்தான் அவசர சிகிச்சை என்று எந்த மருத்துவமனையும் சொல்ல முடியாது. தனியார் மருத்துவமனையாக இருந்தாலும் சிகிச்சை இலவசம். பிள்ளையின் பெயர், படம், பள்ளி எதையும் ஊடகம் வெளியிடக் கூடாது. புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் காவல்துறை குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். வழக்கு முடியும் வரை பிள்ளையோடு கூட வர ஓர் ஆதரவாளரை அந்தக் குழு நியமிக்க முடியும். உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்றால் நீங்களே கேட்டு வாங்குங்கள்.

உறவுக்குள் நடந்திருந்தால், புகார் கொடுத்த அன்றிலிருந்து வீட்டுக்கு ஆள் வருவார்கள். பெரியப்பா வருவார், ஊர்ப் பெரியவர் வருவார், "பொண்ணு வாழ்க்கை" என்று அழுதுகொண்டு அத்தை வருவாள். அவர்களை முன்னறையிலேயே உட்கார வைத்துப் பேசி அனுப்பிவிடுங்கள். பிள்ளை உள்ளே டிவி பார்க்கட்டும், வீட்டுப்பாடம் எழுதட்டும், மறுநாள் பள்ளிக்குப் பை எடுத்து வைக்கட்டும். அவளை யாரும் கூப்பிட்டு விசாரிக்காமல் பார்த்துக்கொள்ள, நம்பகமான ஒருவர் அந்த அறைக்குள்ளேயே இருப்பது நல்லது.